ஆறு பக்கம், ஐந்து நாடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொதுக்கொள்கையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அறுபது பக்க இயல் ஒன்றை மூவாயிரம் சொல்லில் கட்டுரையாக்கி அனுப்பச் சொல்கிறார் நெறியாளர். குறுங்கட்டுரைக்கு மதிப்பு உண்டா? எந்த இதழுக்கு அனுப்பலாம்? ஆய்வுமுறை யாருக்கு வேண்டும், அதைத் தூக்கிவிடலாம் என்றிருக்கிறேன்.
எம்.

அன்புள்ள எம்.,

மதிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். அமெரிக்கப் பொருளியல் சங்கமே 2019-ல் குறுங்கட்டுரைகளுக்கென்று தனி இதழ் தொடங்கிவிட்டது.

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபம் மூட்டியது. 'யாருக்கு வேண்டும்' என்று எப்படி அம்மா எழுத மனம் வந்தது?

2010-ல் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள் எழுதிய கட்டுரை ஆறே பக்கம். அரசின் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது. செலவைக் குறைக்கத் துடித்த அரசியல்வாதிகளுக்கு அந்த 90 போதுமாயிருந்தது. தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார், விடை வரவில்லை. கேட்டதும் ஆசிரியர்கள் எக்செல் கோப்பை அனுப்பினார்கள் (அதற்கு ஒரு கும்பிடு). சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதைவிடப் பெரிது, சில ஆண்டுகளைச் சேர்க்காததும், சராசரியில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று எடை கொடுத்த விதமும். எல்லாவற்றையும் திருத்தியபோது 2.2 சதவீதம் வளர்ச்சி என்று ஹெர்ன்டனும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் 2013-ல் எழுதினார்கள். எக்செல் பிழையை ஒப்புக்கொண்ட மூல ஆசிரியர்கள் மற்றதை ஏற்கவில்லை, அது வேறு கதை. எடை கொடுத்த விதத்தை விளக்க எத்தனை வரி ஆகும்? நாலு வரி. அந்த நாலு வரிதான் கட்டுரை.

நானும் யோக்கியன் இல்லை. ஒரு அரசுத் துறைக்கு, கருத்துக்கணிப்பு ஒன்றைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதியபோது, இடமில்லை என்று 'பதிலளித்தவர்களில்' என்ற ஒற்றைச் சொல்லை அடித்தேன். பதில் அனுப்பியவர்களோ பாதிக்கும் குறைவு. அடுத்த வருடம் ஒரு மேடையில் அந்தச் சதவீதத்தை 'மக்களில்' என்று வாசித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

சரி, எதை வெட்டலாம்? பிறர் சொன்னதையெல்லாம் தொகுத்திருப்பீர்களே, அந்தப் பதினைந்து பக்கத்தை. அழுகை வரும், வரட்டும். தரவை எங்கிருந்து எடுத்தீர்கள், யாரை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்பதில் கை வைக்காதீர்கள். கணக்குக் கோப்பை யார் கேட்டாலும் கொடுங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள், பார்க்க ஆசை.

எந்த இதழ் என்றும் கேட்டிருந்தீர்கள், இல்லையா? அது உங்கள் நெறியாளருக்குத்தான் தெரியும்.