கணினி கேள்வி – பதில்: அப்பாவின் பழைய தமிழ்க் கோப்பு

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலின் திருப்பணி வரலாற்றை என் தந்தையார் 2004ஆம் ஆண்டு வாக்கில் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அவர் காலமாகிவிட்டார். அந்தக் கோப்புகளை என் புதிய மடிக்கணினியில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூடத் தெரியவில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வரிவரியாக ஓடுகின்றன. கோப்புகள் கெட்டுப்போய்விட்டனவா? மீட்க வழி உண்டா? – வாசகி, காரைக்குடி

பதில்: கெடவில்லை, கவலைப்படாதீர்கள். உங்கள் தந்தையார் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் அந்தக் கோப்பில் அப்படியே இருக்கிறது. அதைத் தமிழாகக் காட்டுகிற எழுத்துருதான் உங்கள் புதிய கணினியில் இல்லை. வேறு எதையும் செய்வதற்கு முன்னால் எல்லாக் கோப்புகளையும் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, இனி அந்த நகலில் மட்டுமே கை வையுங்கள்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தருகிற பொதுமுறையான யூனிகோடு பரவுவதற்கு முன்பு, சாதாரணக் கணினிகளில் தமிழுக்கென்று தனி இடம் இருக்கவில்லை. ஆகவே எழுத்துரு செய்தவர்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்து வடிவங்களை வரைந்து வைத்தார்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் மிகுதியாகப் புழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொண்டால், ஜே விசையைத் தட்டினால் த, கே விசைக்கு ம, பி விசைக்கு இகரக் கொக்கி, ஓ விசைக்கு ழ, அரைப்புள்ளிக்கு மெய்யெழுத்தின் புள்ளி என்று அமைந்திருக்கும். 'தமிழ்' என்று திரையில் தெரிந்த சொல்லைக் கணினி உண்மையில் சேமித்தது நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும்தான். எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ். இல்லாத கணினியில் நீங்கள் இப்போது பார்ப்பதுதான் மிஞ்சும். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுத்துகளை அடுக்கியதால் ஒருவர் கோப்பை இன்னொருவர் படிக்க முடியாத நிலை பல ஆண்டுகள் நீடித்தது. இதைச் சீர்செய்ய 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரண்டு குறியீட்டு முறைகளை அறிவித்தது. பின்னர் 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்று கைப்பேசியில் நாம் தட்டுவதெல்லாம் யூனிகோடு என்பதால், எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது.

இனி செய்ய வேண்டியது, தந்தையார் எந்த எழுத்துருவைப் பயன்படுத்தினார் என்று கண்டுபிடிப்பது. கோப்பை வேர்டில் திறந்து, புரியாத வரியின் நடுவில் சுட்டியால் ஒரு முறை சொடுக்கிவிட்டு, மேலே எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டாலும் அதன் பெயர் கோப்பில் பதிந்திருக்கும் என்பதால் பெட்டியில் தெரியும். பெயர் தெரிந்துவிட்டால், என்.எச்.எம். கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றி ஒன்றில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து, உரையை ஒட்டி, யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். கோப்பு, புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்யப்பட்டதாக இருந்தால் வேர்டில் திறக்காது. பழைய பேஜ்மேக்கரை இன்னும் வைத்திருக்கிற டி.டி.பி. சென்டர் ஒன்றுக்குக் கொண்டுபோய், உரையை மட்டும் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

மாற்றிய உரையைப் பொறுமையாக ஒரு முறை முழுவதும் படித்துப் பார்ப்பது மிக அவசியம். இடையிடையே அவர் ஆங்கிலச் சொற்கள் தட்டியிருந்தால், அவற்றையும் தமிழ் என்றே எண்ணி அந்த எழுத்துரு மாற்றி குழப்பிவிடும். ராம் என்ற பெயரை ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளால் எழுதியிருந்தால் பாமினிக் கணக்கில் அது 'சயஅ' என்று வந்து நிற்கும். நன்கொடையாளர் பெயர்களும் முதலெழுத்துகளும் நிறைந்த திருப்பணி வரலாற்றில் இப்படிப்பட்ட பிழை ஒரு குடும்பத்தின் பெயரையே மறைத்துவிடக் கூடும். ஆகவே பழைய அச்சுப் படி ஏதேனும் வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வேலை முடிந்த பிறகும் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். ஐயம் வரும்போது திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் சாட்சி.

கேள்வி: 1 டி.பி. ஹார்டு டிஸ்க் வாங்கினேன். கணினியில் 931 ஜி.பி. என்றுதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி ஒரு லட்சம் கோடி பைட்டுகளை 1 டி.பி. என்கிறார், விண்டோஸ் 1024ஆல் வகுத்துக் கணக்கிடுவதால் அதே அளவு 931 ஆகத் தெரிகிறது. இடம் எதுவும் குறையவில்லை.

கேள்வி: மகளின் திருமண வீடியோ 6 ஜி.பி. இருக்கிறது. 32 ஜி.பி. பென் டிரைவ் காலியாக இருந்தும், கோப்பு மிகப் பெரியது என்று சொல்லி ஏற்க மறுக்கிறது. ஏன்? – வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் பென் டிரைவ் ஃபேட்32 என்னும் முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும். எத்தனை இடம் காலியாக இருந்தாலும் 4 ஜி.பி.யை எட்டும் ஒரு தனிக் கோப்பை அந்த முறை ஏற்காது. கணினியில் பென் டிரைவின் மேல் வலது சொடுக்குச் செய்து, ஃபார்மேட் என்பதில் எக்ஸ்ஃபேட் முறையைத் தேர்ந்தெடுத்தால் வீடியோ ஏறிவிடும். ஆனால் ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்பதால், ஏதேனும் இருந்தால் முதலில் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய தொலைக்காட்சிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிப்பதில்லை. அதில் போட்டுப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், வீடியோ எடுத்தவரிடமே இரண்டு பகுதிகளாகப் பிரித்துத் தரக் கேளுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: திருமண வீடியோவுக்குப் பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். அது எடுத்துச் செல்வதற்கான பொருள். ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் திறக்காமல் போகும், கை தவறித் தொலைந்தும் போகும். ஹார்டு டிஸ்கில் ஒரு படி, உறவினர் வீட்டில் இன்னொரு படி என்று இருக்கட்டும்.

கேள்வி: அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தாத்தாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிடக் கொடுத்தேன். முகம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது என்று ஸ்டுடியோக்காரர் திருப்பித் தந்துவிட்டார். – வாசகி, மன்னார்குடி

பதில்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், வேகமாகப் போய்ச் சேர்வதற்காக அது சுருக்கப்பட்டுவிடும். கைப்பேசித் திரையில் வேறுபாடு தெரியாது. பெரிதாக அச்சிடும்போதுதான் தெரியும். உங்களிடம் வந்து சேர்ந்த படத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய இயலாது. அண்ணனிடம் மூலப் படம் இருக்கிறதா என்று கேட்டு, இணைப்புக் குறியைத் தொட்டு, புகைப்படம் என்பதற்குப் பதில் டாக்குமெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய காகிதப் படத்தைக் கைப்பேசியால் எடுத்த படம் அது என்றால், அந்தக் காகிதப் படத்தையே ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்யக் கொடுப்பதுதான் நல்லது.