பாரதிக்கு ஒரு பிறந்தநாள் கடிதம்

வணக்கம். டிசம்பர் 11, பாரதி பிறந்தநாளுக்கு எங்கள் வாசகர் வட்டத்தில் ஆளுக்கொரு புகழஞ்சலிக் கடிதம் எழுதச் சொன்னோம். இருபதுக்கு மேல் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் முண்டாசு, மீசை, ரௌத்திரம். பெயரை மறைத்தால் எது யாருடையது என்றே தெரியவில்லை. எப்படித் திருத்தச் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எல்லாரும் அதே பத்து மேற்கோள் வரிகளை வைத்து எழுதுவதால் வரும் வினை இது. ஆளுக்கொரு பாட்டைப் பிரித்துக் கொடுங்கள், முழுப்பாட்டாக. அச்சுப் பதிப்பைப் பார்த்து இரண்டு முறை வாய்விட்டுப் படித்த பிறகு பேனாவை எடுக்கட்டும்.

‘தேடிச் சோறு நிதந்தின்று’ நாலைந்து கடிதங்களிலாவது இருக்கும். அதே பாட்டில் வரும் ‘வீழ்வேனென்று நினைத்தாயோ’ என்பதை எதிரிக்கு விட்ட சவாலாகவே எழுதுகிறார்கள். அது வரம் கேட்கும் பாட்டு. தலைப்பே ‘யோக சித்தி’. கேட்கப்படுபவள் சக்தி. ‘நின்னைச் சிலவரங்கள் கேட்பேன்’ என்று அடுத்த அடி தொடங்குகிறது. அதற்கு முன்பே வெட்டிவிடுவதால் வேண்டுதல் வீறாப்பாகிவிடுகிறது. தாயிடம் உரிமையோடு மல்லுக்கு நிற்கும் குரல் அது. ‘நினைத்தாயோ’வின் அந்த ஓகாரத்தில் கோபமும் கொஞ்சலும் சேர்ந்து ஒலிக்கின்றன. இந்த ஒரு ஓகாரத்தைப் பற்றியே ஒரு பக்கம் எழுதலாம்.

‘சொல் புதிது, பொருள் புதிது’ என்று எழுதியிருந்தால் திருத்துங்கள். ‘சுவைபுதிது, பொருள்புதிது, வளம்புதிது, சொல்புதிது’ என்பதே பாரதியின் வரிசை. நினைவிலிருந்து எழுதும்போது முதலில் உதிர்வது வளம். 1919-இல் எட்டயபுரம் மன்னருக்குப் பாட்டாகவே எழுதிய கடிதமான சீட்டுக்கவியில் இந்த அடி வருகிறது; அதுவும் கடிதம்தான்!

புகழ்வது எப்படி என்பதையும் பாரதியிடமே படிக்கலாம். 1906-இல் உ.வே.சா.வுக்கு மகாமகோபாத்தியாயர் பட்டம் கிடைத்தபோது பாடிய வாழ்த்தில், செல்வம் இல்லையே என்று வருந்தாதீர்கள், பொதியமலைப் பிறந்த மொழி வாழும் காலமெல்லாம் புலவர் வாயில் வாழ்வீர்கள் என்கிறார். உ.வே.சா.வின் உழைப்பை அறிந்த ஒருவர் அவருக்கு மட்டுமே சொல்லக்கூடிய சொல்.

மற்றவை சிறிய விஷயங்கள். நீ, நீர், நீங்கள் எதுவானாலும் கடைசிவரை ஒன்றே இருக்கட்டும். வாழ்க்கைக் குறிப்பு வேண்டாம், கேட்பவர்களுக்குத் தெரியும். நினைவு நாளும் 11 என்பதால் செப்டம்பர் டிசம்பருக்குள் நுழைந்துவிடும், பாருங்கள். ஒரு பக்கம் போதும். கூட்டத்தில் ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் அந்தப் பாட்டை முழுதாகப் பாடச் சொல்லுங்கள்.