வேனில் தோட்டத்தில் எதைப் பறிக்கலாம்? வாசகர் கேள்வி – பதில்

வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைக்கும் கீரைகளையும் பூக்களையும் சமைப்பது குறித்துச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பலர் கேட்டவற்றை ஐந்து கேள்விகளாகத் தொகுத்து இங்கே பதில் தருகிறேன்.

எங்கள் வாசலில் இருக்கும் வேப்பமரம் பங்குனியில் பூத்துக் கொட்டுகிறது. சென்ற ஆண்டு அள்ளிக் கழுவிக் காயவைத்தேன். பாதி பூஞ்சை பிடித்தது, மீதி ரசத்தில் போட்டால் கடுங்கசப்பு. எங்கே தவறு?
– வாசகி, கும்பகோணம்

கழுவியதுதான் முதல் தவறு. வேப்பம்பூ அரிசியளவே இருக்கும் மெல்லிய பூ. தண்ணீர் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உள்ளே ஈரம் தங்கி, மேலே காய்ந்தது போலத் தோன்றினாலும் டப்பாவுக்குள் போனதும் பூஞ்சை பிடித்துவிடும். மண்ணில் விழுந்ததை அள்ளினால் கழுவாமல் இருக்க முடியாது என்பதால், அது மண்ணில் விழாதபடி பார்த்துக்கொள்வதே வழி. என் பாட்டி மாலை விளக்கு வைத்ததும் பழைய வேட்டி ஒன்றை மரத்தடியில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிடுவார். விடிந்ததும் வேட்டியின் மேல் வெள்ளையாய்ப் பூ கிடக்கும். அருகில் குனிந்தாலே தேன் மணம் வரும். வெயில் ஏறுவதற்குள் வேட்டியோடு சுருட்டி எடுத்து, முறத்தில் இட்டு, காம்பையும் எறும்பையும் காய்ந்த இலைத் துணுக்கையும் நீக்கிவிட வேண்டும். இந்த வேலையில் அவசரப்படக் கூடாது, ஏனென்றால் பச்சைக் காம்பு கலந்தால் கசப்பு கூடிவிடும்.

முதல் நாள் நிழலிலும் அடுத்த இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலிலும் காயவைத்து, விரலிடையே வைத்துத் தேய்த்தால் சரசரவென்று நொறுங்கும் பதம் வந்த பிறகே கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள். அடுத்த பங்குனி வரை கெடாது. ரசத்தில் கசப்பு ஏறியதற்கு, பூவைக் கொதிக்கும் ரசத்தோடு சேர்த்து வேகவிட்டது காரணமாக இருக்கலாம். நான்கு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி பூ போதும். அதைச் சிறு தீயில் நெய்யில் வறுத்து, காப்பிப்பொடி நிறம் வரும்போது இறக்கி வைத்த ரசத்தின் மேல் கொட்டி மூடிவிடுங்கள். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் வெல்லத்தோடு சேர்வதும் இதே வறுத்த பூதான்.

மலைவேம்பை வேம்பென்று எண்ணிவிட வேண்டாம். வேம்பில் ஒரு நடுக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும். மலைவேம்பில் அந்த நடுக்காம்பே மீண்டும் கிளைத்து, கிளைகளில் சிற்றிலைகள் நிற்கும். கைக்குழந்தைகளுக்கு வேம்பின் எந்தப் பகுதியையும், குறிப்பாக வேப்பெண்ணெயை, உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது.

கோடை மழை பெய்த ஒரே வாரத்தில் தொட்டிகளிலும் பாத்தியிலும் சிவந்த தண்டும் தடித்த இலையுமாக ஒரு செடி படர்ந்துவிட்டது. அம்மா பருப்புக்கீரை என்கிறார். பக்கத்து வீட்டார் விஷம், பிடுங்கிப் போடுங்கள் என்கிறார். யாரை நம்புவது?
– வாசகர், கோயம்புத்தூர்

இருவரையும் நம்ப வேண்டாம்; செடியைப் பாருங்கள். பக்கத்து வீட்டாருக்கு எழுந்த ஐயமும் நியாயமானதே, ஏனென்றால் அதே ஈர மண்ணில், அதே போலத் தரையோடு படர்ந்து, அதே போலச் சிவந்த தண்டோடு அம்மான் பச்சரிசி இனச் செடிகளும் வளர்கின்றன. ஒரு தண்டைக் கிள்ளி, கிள்ளிய இடத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். பருப்புக்கீரை என்றால் நிறமற்ற நீர்தான் கசியும். அம்மான் பச்சரிசி இனமென்றால் வெள்ளைப் பால் உடனே துளியாகத் திரளும். அது நாட்டு மருந்தில் இடம்பெறும் செடியாக இருக்கலாம், ஆனால் கடைந்து சோற்றில் பிசைந்து உண்ணும் கீரை அன்று.

இதோடு நிறுத்திவிடாமல், ஒரு கொடியை மட்டும் பறிக்காமல் விட்டு இரண்டு வாரம் கவனியுங்கள். பருப்புக்கீரையில் சிறிய மஞ்சள் பூ காலை வெயில் ஏறிய பின் மலர்ந்து சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். பிறகு வரும் காய் ஒரு சிமிழ் போல இருக்கும். விரலால் தொட்டால் மேல்மூடி தனியே கழன்று, உள்ளே கடுகைவிடச் சிறிய கறுப்பு விதைகள் தெரியும். இதை ஒருமுறை கண்ணால் கண்டவர் பிறகு எந்தத் தோட்டத்திலும் இந்தச் செடியை வேறொன்றாக மயங்க மாட்டார். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இது: ஒரு செடியைப் பூவிலும் காயிலும் பார்க்காமல் முதல் முறை சமைக்காதீர்கள், ஓராண்டில் ஒரு செடியை மட்டும் கற்றாலும் போதும்.

மயங்கக்கூடிய இன்னொன்று சாரணை. இதில் எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருக்கும். இலைக்கக்கத்தில் ஒட்டினாற்போல இளஞ்சிவப்புப் பூ பூக்கும். சாரணையும் கீரைதான் என்றாலும் கொழுந்தை மட்டுமே எடுக்க வேண்டும். முற்றிய சாரணையை நானே ஒருமுறை பறித்துப் பொரியல் செய்து, தொண்டை கரகரத்து இரண்டு நாள் அவதிப்பட்டிருக்கிறேன். சாரணையிலும் பருப்புக்கீரையிலும் ஆக்சலேட் என்னும் உப்பு மிகுதி. ஆகையால் நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டு, பாசிப்பருப்போடும் புளியோடும் கடைவது நல்லது. சிறுநீரகக் கல் இருந்தவர்கள் இவற்றைத் தவிர்த்துவிடலாம். மற்றவர்களுக்குப் பருப்புக்கீரை அருமையான உணவு. மீனெண்ணெயைப் பற்றிப் பேசும்போது சொல்லப்படும் ஒமேகா-3 வகைக் கொழுப்பமிலங்களில் ஒன்று கீரைகளுக்குள் இதில்தான் மிகுந்திருக்கிறது.

உங்கள் பகுதியில் மழைக்குப் பின் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் சோளக்காட்டில் தானாக வரும். பண்ணைக்கீரையை வெள்ளையும் இளஞ்சிவப்புமான கதிர் விடுவதற்கு முன் பறித்துவிடுங்கள். கதிர் வந்தபின் இலை நாராகிவிடும். தொட்டி ஓரத்தில் மூன்று இதய வடிவச் சிற்றிலைகளோடு நிற்கும் புளியாரை துவையலுக்கு ஆகும். புளி தனியாக வேண்டாம்.

செடி சரியாக இருந்தாலும் இடம் சரியாக இருக்க வேண்டும். சாலையோரம், சாக்கடை ஓரம், நாய் நடமாடும் இடம் ஆகியவற்றில் பறிக்கவே வேண்டாம். குப்பைக்கீரை போன்றவை எருக்குழி அருகே செழித்து நிற்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அளவு மீறினால் உடலுக்கு ஆகாத நைட்ரேட் என்னும் உப்பை அவை மண்ணிலிருந்து எடுத்து இலையில் சேர்த்துக்கொள்ளும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள், பராமரிப்பவர் களைக்கொல்லி தெளித்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே குனிய வேண்டும்.

தோட்டத்துக் களையைப் பறித்துச் சமைத்தால், "வக்கில்லாதவர்கள் தின்பதை என் மகனுக்குப் போடாதே" என்கிறார் மாமியார். என்ன சொல்லிப் புரியவைப்பது?
– வாசகி, மதுரை

அத்தை சொல்வதில் ஒரு பழைய வலி இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட சங்கப் பாட்டொன்றில், பாணர் குடும்பத்துப் பெண் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியின்றி வேகவைத்து, பிறர் கண்டால் இகழ்வார்களே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். பஞ்ச காலத்தை நேரில் கண்ட தலைமுறைக்கு, வேலியோரக் கீரை என்றாலே அந்த அடைத்த கதவுதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் அந்தப் பாட்டில் இழிவு வறுமைக்குத்தான், கீரைக்கு அன்று. வெள்ளைப் பூவும் நீண்ட மகரந்தக் காம்புகளுமாக நிற்கும் அதே நல்வேளைக் கீரையைக் கென்யாவில் உழவர்கள் விதைத்து வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். கசப்பு நீங்கப் பாலில் வேகவைத்து உண்கிறார்கள். மஞ்சள் பூ பூத்து, தொட்டால் பிசுபிசுக்கும் நாய்வேளை வேறு செடி.

அத்தையிடம் வாதிடுவதைவிட, அவர் சிறுவயதில் உண்ட கீரை எது, அவருடைய அம்மா அதை எப்படிச் சமைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் செடிகளை அடையாளம் காட்டக்கூடிய கடைசி ஆள் அவர்களாகத்தான் இருக்கிறார்கள். அவரோடு தோட்டத்தைச் சுற்றி வந்தால் ஒரே மாலையில் பத்துச் செடிகளின் பெயர் உங்களுக்குக் கிடைக்கும்.

பத்து வயது மகள் சர்பத்திலும் கேக்கிலும் பூ வைக்க ஆசைப்படுகிறாள். மாடித் தோட்டத்தில் உள்ள எந்தப் பூவைக் கொடுக்கலாம்?
– வாசகி, சென்னை

சங்குப்பூ, ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி, பன்னீர் ரோஜா ஆகிய மூன்றும் போதும். சங்குப்பூவின் இதழை வெந்நீரில் இட்டால் நீலம் இறங்கும். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். மகளுக்கு அதைக் காட்டுங்கள். அதன் விதையும் வேரும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் என்பதால் காயைப் பறித்து விளையாட விடாதீர்கள். செம்பருத்தியில் பச்சைப் புல்லிவட்டத்தையும் நடுத்தண்டையும் நீக்கிவிட்டு இதழை மட்டும் எடுங்கள். நாற்றங்காலில் பூத்த நிலையில் வாங்கிய செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். அந்தப் பூக்களையெல்லாம் கிள்ளி எறிந்து, சில மாதம் வளர்த்து, புதிதாக வரும் பூவையே பயன்படுத்துங்கள். பூக்கடை ரோஜா உணவுக்கு ஆகாது.

கூடாதவற்றைத்தான் மகளுக்கு முதலில் கற்றுத்தர வேண்டும். அரளி, தங்க அரளி, ஊமத்தை, எருக்கு, நித்தியகல்யாணி, செங்காந்தள் ஆகிய எல்லாமே நம் வீடுகளில் அழகுக்கும் பூசைக்கும் வளர்பவை; எல்லாமே நஞ்சு. பூசைக்குரியது என்பதால் வாயில் வைக்கத் தகுந்தது ஆகிவிடாது. 2024ஆம் ஆண்டு மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்கக் கூடாதென்று முடிவெடுத்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊமத்தை இன்னும் கொடியது, ஏனென்றால் இளஞ்செடியாக இருக்கையில் கீரையோடு கலந்துவிடும். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் கடைக்கு வந்த பசலைக்கீரையில் ஊமத்தை இனக் களை கலந்துவிட, உண்டவர்கள் பார்வை மங்கி, மனம் பிதற்றி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

குழந்தை எதையாவது தின்றுவிட்டதாக ஐயம் வந்தால், உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் எஞ்சியதைத் துடைத்து எடுத்து, 108ஐ அழைத்து, அந்தச் செடியின் கிளையொன்றைப் பூவோடு ஒடித்து எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

யாழ்ப்பாணத்தில் முருங்கையிலை வறை உண்டு வளர்ந்தவள் நான். இங்கே லண்டனில் மார்ச், ஏப்ரலில் வீட்டுப் பின்வளவு முழுக்க டான்டேலியன் என்னும் மஞ்சள் பூக் களை முளைக்கிறது. அதை வறை செய்யலாமா? வேறு எதைப் பறிக்கலாம்?
– வாசகி, லண்டன்

தாராளமாகச் செய்யலாம். மொட்டு வருவதற்கு முன் நடுவிலுள்ள இளம் இலைகளை எடுங்கள். கசப்பு கூடுதல் என்றால் கொதிநீரில் இரண்டு நிமிடம் இட்டுப் பிழிந்து, பிறகு வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்து வறுத்தால் அகத்தியிலையை நினைவூட்டும் வறை கிடைக்கும். இலையின் பற்கள் அடிப்பக்கம் நோக்கி வளைந்திருக்கும். பூக்காம்பு உள்ளே குழலாக, இலையே இல்லாமல், ஒற்றைப் பூவைத் தாங்கி நிற்கும். காம்பைக் கிள்ளினால் பால் வரும். கோயம்புத்தூர் வாசகருக்குச் சொன்ன பால் சோதனை அந்த இரண்டு செடிகளைப் பிரித்தறிய மட்டுமே உதவும். இங்கே அதைப் பொருத்தாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர்கள், இந்த இலையில் வைட்டமின் கே மிகுதி என்பதால், மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

வேலியோரம் நெட்டில் இருந்தால் கையுறை அணிந்து, பூப்பதற்கு முன் நுனிக்கொழுந்தை மட்டும் கிள்ளுங்கள். நம் ஊர்ச் செந்தட்டி போலவே அரிக்கும், ஆனால் வேறு குடும்பத்துச் செடி. கொதிநீர் பட்டதும் சுணை அடங்கிவிடும். பருப்போடு கடைந்தால் மிக நன்றாக இருக்கும்.

காட்டுப்பூண்டு விஷயத்தில்தான் உங்களை எச்சரிக்க வேண்டும். அதன் இலையைக் கசக்கினால் பூண்டு மணக்கும் என்பது உண்மையே. ஆனால் பத்து இலை பறித்த பிறகு விரலே மணப்பதால், பதினோராவது இலை எதுவாக இருந்தாலும் பூண்டாகவே தோன்றும். அதே நிழலில் லில்லி ஆஃப் த வேலி என்னும் கொடிய நஞ்சுச் செடியும், லார்ட்ஸ் அண்ட் லேடீஸ் என்னும் காட்டுச் சேம்பும் இலையோடு இலையாக நிற்கும். காட்டுப்பூண்டில் ஒவ்வோர் இலையும் தனித்தனிக் காம்போடு தரையிலிருந்து எழும். லில்லியில் ஒரே தண்டிலிருந்து இரண்டு இலைகள் ஒன்றையொன்று தழுவியபடி விரியும். கைப்பிடியாக அறுக்காமல், ஒவ்வோர் இலையாகக் காம்பின் அடிவரை பார்த்துப் பறியுங்கள். உங்கள் வளவுக்கு வெளியே என்றால் வேரோடு பிடுங்காதீர்கள். நிலத்துக்குரியவரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு எடுப்பதை 1981ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே தடைசெய்கிறது. இந்த ஆண்டு டான்டேலியனை மட்டும் செய்து பாருங்கள். பூண்டை இந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் பறிக்காமல் பூ வரும் வரை பார்த்து வையுங்கள்; விண்மீன் போன்ற ஆறிதழ் வெள்ளைப் பூக்கள் குடையாக விரிந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் செய்தால், அடுத்த மார்ச்சில் அங்கே முளைக்கும் இலை எதுவென்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்; அப்போதும் ஒவ்வோர் இலையையும் பார்த்தே பறியுங்கள்.