ஏ.சி. வாங்கலாமா? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்னை புழுதிவாக்கத்தில் மேல்மாடி வீடு எங்களுடையது. சித்திரை பிறந்துவிட்டால் ராத்திரி பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடுகிறது. மாமியாருக்கு 74 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தரையை நனைத்துவிட்டு அதன்மேல் படுக்கிறார். கணவர் ஏ.சி. வாங்கலாம் என்கிறார். ஆறாவது படிக்கும் மகள் கூடவே கூடாது என்று அழுகிறாள். புவி வெப்பமாவதைக் குறைக்க வீட்டில் என்ன செய்யலாம் என்று பள்ளியில் பட்டியல் போடச் சொன்னார்கள். அவள் பட்டியலின் முதல் வரியே 'ஏ.சி. வேண்டாம்'. துணிப்பை, ஸ்டீல் ஸ்ட்ரா, சார்ஜரைப் பிடுங்கிவைப்பது, பஸ் பயணம், இறைச்சியைக் குறைப்பது என்று மற்ற எல்லாவற்றையும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். இதையும் கடைப்பிடிப்பதுதானே நேர்மை?

ச.

அன்புள்ள ச.,

ஏ.சி. வாங்குங்கள். மாமியார் படுக்கும் அறைக்கு, இந்த வாரமே.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. 74 வயதுக்காரர் ஈரத் தரையில் படுத்துக் கிடக்கிறார், நீங்கள் நேர்மையைப் பற்றிக் கேள்வி கேட்டு எனக்கு எழுதுகிறீர்கள். வயதானவர்களுக்கு வியர்வை குறைவு, தாகம் எடுப்பதும் தாமதமாகத்தான் தெரியும். ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடுவதில் நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை இருந்தால் வெயில் காலத்தில் உடம்பு இன்னும் சீக்கிரம் வறண்டுவிடும். பகலெல்லாம் சூடேறிய உடம்பு ராத்திரியிலாவது ஆற வேண்டும். அது ஆறாத இரவுகள்தான் முதியவர்களைக் கொல்கின்றன. உலகத்தைக் காப்பாற்றும் வேலையைப் பாட்டியின் தூக்கத்திலிருந்து தொடங்காதீர்கள்.

மகளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாதீர்கள். பதினோரு வயதில் ஊருக்காக அழுகிற பிள்ளை கிடைப்பது பெரும் பேறு. அவள் மனதை ஆறவைக்க 'நம் ஒரு வீட்டால் என்ன ஆகிவிடும்' என்றும் சொல்லிவிடாதீர்கள். அது பொய். அதோடு, அவளுக்கு அது பொய் என்று தெரியும்.

பட்டியலில் உள்ள மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸில் போவது நிஜமாகவே பலன் தருவது, விடாதீர்கள். ஸ்ட்ராவுக்கும் புவி வெப்பத்துக்கும் பேசத்தக்க தொடர்பு கிடையாது. சும்மா செருகியிருக்கும் சார்ஜர் தின்னும் மின்சாரமும் பொருட்படுத்தும் அளவில் இல்லை. இறைச்சி பற்றி இன்னொரு நாள் பேசலாம். மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்கச் சொல்லி அடுக்ககக் கூட்டத்தில் சண்டை போடுங்கள். தெலங்கானாவில் 2023இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தார்கள். ஏ.சி.யை 26இல் வைத்து மின்விசிறியையும் சுழலவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. சரி, இவையெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

யாரும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. பல மாதமாக மனதில் கிடந்து அரிக்கிறது. ஏ.சி.க்குள் இருக்கும் கேஸ்.

இப்போது வரும் வீட்டு ஏ.சி.களில் பெரும்பாலும் ஆர்-32 என்ற வாயு இருக்கும். அது ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் 675 கிலோ கரியமில வாயு செய்யும் வேலையைச் செய்யும். பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-22 என்றால் 1800 கிலோவுக்கு மேல். ஆர்-410ஏ என்றால் இரண்டு டன்னையும் தாண்டும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராம் அளவுக்குக் கரியமில வாயு வெளியாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ ஆர்-32 வெளியே போவது 900 யூனிட்டுக்கு மேல் எரித்ததற்குச் சமம். நல்ல ஐந்து நட்சத்திர ஒன்றரை டன் ஏ.சி.யின் லேபிளில், 1600 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்களே, அதுவே பெரும்பாலும் இதைவிடக் குறைவுதான். வருடம் முழுக்க 26இல் வைத்து மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரு மெக்கானிக் ஒரே நிமிடத்தில் வானத்துக்கு அனுப்பிவிடலாம். அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வீடு மாறும்போது ஏ.சி.யைக் கழற்றுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஸ்பேனரை வைத்து நட்டைத் தளர்த்துவார். 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வரும். நாம் டீ வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்போம். முறையாகக் கழற்றுபவர் அப்படிச் செய்யமாட்டார். ஏ.சி.யை ஓடவிட்டு, வெளியே இருக்கும் பெட்டியான அவுட்டோரில் மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீ போட்டு மூடுவார். சில நிமிடங்களில் கேஸ் ஏறக்குறைய முழுவதும் அவுட்டோருக்குள் வந்து சேரும். அழுத்தம் காட்டும் கேஜில் முள் இறங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே ஏ.சி.யை நிறுத்துவார். பம்ப் டவுன் என்பார்கள். கம்ப்ரஸர் ஓடும் நிலையில் இருந்தால் இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை, கொஞ்சம் பொறுமை போதும்.

வருடா வருடம் சித்திரை பிறந்ததும் 'கேஸ் கம்மியா இருக்கு, போட்டுடலாம்' என்பார்கள் பாருங்கள், அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. அந்தக் கேஸ் எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். சென்னை மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊரில் காயில் என்கிற குழாய்ச் சுருள் அரித்து ஊசித்துளை விழும். அதைத் தேடாமல் கேஸ் நிரப்புவது, பஞ்சர் ஒட்டாமல் சைக்கிளுக்குக் காற்றடிப்பது போலத்தான். இங்கே வெளியேறுவது வெறும் காற்று இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் சித்தப்பா மதுரை சிம்மக்கல் பக்கம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் அங்கேதான் கிடப்பேன். பழைய ஷேவிங் பிரஷ்ஷைச் சோப்பு நுரையில் தோய்த்து ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் தடவிவிட்டு, மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்ப்பார். நுரையில் ஒரு குமிழி மெல்ல உப்பும். "அந்தா இருக்கான்" என்பார். பற்றவைத்து, மறுபடி நுரை தடவி, குமிழி வராது என்று உறுதியான பிறகுதான் கேஸ் சிலிண்டரைத் தொடுவார். "ஓட்டைய அடைக்காம கேஸ் போடுறவன் மெக்கானிக்கே இல்லடா." ஓசோனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு அது தொழில் மானம்.

அவர் கையாண்டது ஆர்-12. ஓசோன் படலத்தை அரித்தது அந்த வகை வாயுக்கள்தான். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. உலகம் அந்த வாயுக்களைக் கைவிட்டது. ஓசோன் படலம் மெல்லத் தேறிவருகிறது. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்: அப்போது யாரும் ஃபிரிட்ஜைத் தூக்கி எறியவில்லை, அதற்குள் இருந்த கேஸை மாற்றினார்கள். இப்போதைய வாயுக்களைக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் கூடி ஒப்புக்கொண்டார்கள். 2021இல் இந்தியாவும் அதை உறுதிசெய்தது. நம் அட்டவணைப்படி குறைப்பு தொடங்குவது 2032இல்தான். அதுவரை நம் சுவரில் தொங்குவதற்கு நாம்தான் பொறுப்பு.

கடையில் ஆர்-290 உள்ளதா என்று கேளுங்கள். அது புரொப்பேன், வெப்பமாக்கும் திறன் மிகக் குறைவு. கோத்ரெஜ் பல வருடம் விற்றிருக்கிறது. தீப்பற்றும் வாயு என்பதால் பயிற்சி பெற்றவர்தான் பொருத்த வேண்டும். கிடைக்காவிட்டால் ஆர்-32 போதும். பொருத்த வருபவர், குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் பம்ப் கொண்டுவந்திருக்கிறாரா என்று பாருங்கள். அது இல்லாமல், அந்தக் காற்றை வெளியேற்ற ஏ.சி.யின் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு ஊதித் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். விடாதீர்கள். ஜாயின்ட்டில் நுரை தடவிக் காட்டச் சொல்லுங்கள். அவுட்டோரின் தகட்டில் கேஸ் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். ஆர்-32 என்றால் மகள் அதை 675ஆல் பெருக்கிப் பார்க்கட்டும்.

இதற்கெல்லாம் கூடுதலாக அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். அவருக்கு அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். நாளுக்கு இத்தனை வீடு என்று கணக்கு வைத்து ஓடவிடுகிறார்கள் அந்தப் பையன்களை. அந்த நேரத்துக்கான கூலியை நீங்களாகவே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், பேரம் பேசாதீர்கள்.

அன்புடன்