கிராமத்து லுத்தரன் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் விடுவது ஏன்?

அறுப்பின் பண்டிகை என்பது விளைச்சலின் ஒரு பங்கை ஆலயத்தில் படைத்து நன்றி சொல்லும் நாள். லுத்தரன் சபை என்பது மார்ட்டின் லுத்தரின் வழிவந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு. 1706இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கித் தொடங்கிய தரங்கம்பாடி மிஷனின் வழிவந்த சபைகள், 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆயின.

கிராமத்துச் சபைகளில் கூலி வேலை செய்பவர்கள் பலர். கையில் காசு புரளாது. ஆகவே நெல், பூசணிக்காய், கால் கட்டிய சேவல், சேலைத் தலைப்பில் பொத்திக் கொண்டுவந்த நாலு முட்டை என்று பலிபீடத்தின் முன் குவியும். ஆராதனை முடிந்து ஏலம் விட்டால் அது சபையின் செலவுக்குப் பணமாகிறது. கல்யாண மொய் மாதிரிதான். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் வந்து வீம்புக்கு விலை ஏற்றுவதும் உண்டு.

‘ஆலயத்துக்குள் வியாபாரமா?’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஒற்றை எலுமிச்சம்பழத்தை நூறு ரூபாய்க்கு எடுப்பவர் லாபக் கணக்கா பார்க்கிறார்?