ஒரு பூவா, ஒரு கூட்டமா?

கேள்வி: வெட்டுக்காயப் பூண்டின் பூவை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஐந்து வெளிர்மஞ்சள் இதழ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். சூரியகாந்திக்கு இதழ்கள் ஏராளம். இரண்டும் ஒரே குடும்பம் என்கிறார்களே, எப்படி?

பதில்: பல் வரைக்கும் பார்த்திருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். விடை அந்தப் பல்லில்தான் இருக்கிறது.

நீங்கள் எண்ணிய ஐந்தும் இதழ்கள் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ. நடுவில் மஞ்சளாகத் தெரியும் பொட்டும் பூக்களின் கூட்டம்தான். இந்தத் தொகுப்பைச் சிரமஞ்சரி என்போம். அடியில் பச்சையாக, மயிரோடு சுற்றி நிற்பவை புல்லி இதழ்கள் போலத் தோன்றும். அவை மொத்தக் கூட்டத்துக்கும் வேலியாக நிற்கும் பூவடிச் செதில்கள்.

நம்பிக்கை வரவில்லையென்றால் பிளேடால் ஒரு தலையை நெட்டுக்குப் பிளந்து, வெள்ளைத் தாளில் வைத்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கல்லூரி நாட்களில் முதன்முதலாக அப்படிப் பார்த்த அன்று நான் அடுத்த வகுப்புக்கே போகவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று பிளந்துகொண்டே இருந்தேன்.

முதலில் ஓரத்துப் பூ ஒன்றை ஊசியால் நெம்பி எடுங்கள். பட்டை போன்ற பகுதிக்குக் கீழே குட்டிச் சூலகம், அதாவது பின்னால் காயாகும் பகுதி, இருக்கும், மேலே இரண்டாகப் பிரிந்த சூலகத்தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் கிடையாது. ஆக, அது பெண் பூ. பட்டையின் மூன்று பற்கள், ஒட்டிப்போன மூன்று அல்லி இதழ்களின் நுனிகள்.

அப்புறம் நடுவில் உள்ள ஒன்று. அது குழாய் வடிவம், நுனியில் ஐந்து பல். உள்ளே ஐந்து மகரந்தப்பைகளும் பக்கவாட்டில் ஒட்டி இன்னொரு குழாயாக நிற்கும். சூலகத்தண்டு அதற்குள் வளர்ந்து ஏறும்போது, சிரிஞ்சுக்குள் பிஸ்டன் போல, மகரந்தத்தை வெளியே தள்ளிக்கொண்டு வரும். அதன்பிறகுதான் நுனி இரண்டாக விரிந்து, வேறு பூவின் மகரந்தத்தை ஏற்கத் தயாராகும். இவ்வளவும் அந்தக் குட்டிக் குழாய்க்குள் நடக்கிறது!

அப்படியானால் ஒவ்வொரு குட்டிப் பூவுக்கும் உரிய புல்லி எங்கே என்று கேட்பீர்கள். சூலகத்தின் தலையில் நிற்கும் மயிர்க்கற்றைதான் அது, பெயர் பாப்பஸ். லென்ஸில் ஒவ்வொரு மயிரும் குட்டி இறகு போலக் கிளை விட்டிருக்கும். காய் முற்றியதும் அதைக் காற்றில் தூக்கிக்கொண்டு போவது இதுதான்.

சூரியகாந்தியிலும் இதே அமைப்புதான். ஓரப் பூக்கள் நிறைய, நடுப் பூக்கள் இன்னும் நிறைய. எண்ணிக்கை மாறலாம், நிறம் மாறலாம். குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பவை சிரமஞ்சரியும், ஒட்டிய மகரந்தப்பைகளும், கீழே அமைந்த சூலகமும். ஆஸ்டரேசியே, கம்பாசிட்டே என்று இந்தக் குடும்பத்துக்கு இரண்டு பெயர்கள். தாவரங்களுக்குப் பெயரிடும் விதிப்படி இரண்டுமே செல்லும்.

வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த வெட்டுக்காயப் பூண்டுக்கு 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர் டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ். பின்பாதி, தரையில் படர்ந்து கிடப்பதைச் சொல்கிறது. குடும்பத்துக்குள் சூரியகாந்தி இருக்கும் ஹீலியான்தியே பிரிவில்தான் இதையும் வெகுகாலம் வைத்திருந்தார்கள். இப்போது பலர் மில்லரியே என்ற பக்கத்துப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எனவே சூரியகாந்திக்கு இது கூடப் பிறந்த தங்கை இல்லை, ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெட்டுக்காயப் பூண்டும் கரிசலாங்கண்ணியும் ஒன்றுதான் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: சரியில்லை. குடும்பம் ஒன்று, செடி வேறு. வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் ஓரப் பூக்கள் வெள்ளை நூல் போல மெல்லியவை, ஏராளமாக இருக்கும். தண்டைக் கசக்கினால் சாறு கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். எனக்கு நம்பகமான அடையாளம் காய்தான். முற்றிய தலையை ஊதிப் பாருங்கள். வெட்டுக்காயப் பூண்டின் காய்கள் இறகோடு கிளம்பிவிடும். கரிசலாங்கண்ணிக் காய்க்கு அந்த மயிர்க்கற்றை இல்லை, எனவே பறக்காது. புத்தகத்தில் தேடும்போது எக்லிப்டா ஆல்பா, எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா என்று இரண்டு பெயர்கள் வரும். குழம்ப வேண்டாம், இரண்டும் அதே செடிதான். இன்று ஏற்கப்படுவது இரண்டாவது.