திருகோணமலையில் பிள்ளைகளை வளர்ப்பது: டிசம்பரில் ஒருமுறை வந்து பாருங்கள்

கேள்வி: கொழும்பில் அடுக்குமாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு 4 வயது, மகனுக்கு ஒன்றரை. கணவருக்கு வீட்டிலிருந்தே செய்யும் கணினி வேலை. ஓகஸ்ட் விடுமுறையில் நிலாவெளியில் தங்கியபோது, பேசாமல் இங்கேயே வந்துவிடலாமே என்று தோன்றியது. பிள்ளைகள் வெளியில் ஓடி விளையாடி வளரத் திருகோணமலை நல்ல இடமா?

பதில்:

நல்ல இடம்தான். ஆனால் நீங்கள் பார்த்தது ஓகஸ்ட் மாதத்துத் திருகோணமலை. அதை நம்பி வீட்டுக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். டிசம்பரில் ஒரு வாரம் வாருங்கள். கடற்கரை விடுதியில் அல்ல, ஊருக்குள் தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். துணி காயாமல், பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்து ஒருவரையொருவர் கடித்துக்கொள்ளும் அந்த வாரத்திலும் ஊர் பிடித்திருந்தால், தயங்காமல் குடிவரலாம்.

நாங்கள் வெள்ளவத்தையிலிருந்து உப்புவெளிக்கு வந்தவர்கள். வந்தபோது எங்கள் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே வயதுதான். ஆகவே கடலிலிருந்தே தொடங்குகிறேன், உங்களை இழுப்பதும் அதுதானே.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை உப்புவெளிக் கடலோரத்தில் ஒன்றரை வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அலையில் உட்காரலாம். ஒக்டோபர் கடைசியில் வாடைக்காற்று எழும்பத் தொடங்கினால் அதே இடத்தில் கால் நனைக்கவே யோசிக்க வேண்டும். ஜனவரி வரை கடல் கொந்தளிக்கும், மணலை அரித்துக்கொண்டு போகும். முழங்காலளவு ஆழம் என்று நீங்கள் நினைத்து வைத்திருக்கும் இடம் ஓரிரு நாளில் இடுப்பளவாகிவிடும். மீனவர்கள் வள்ளங்களை மேட்டுக்கு இழுத்து வைத்துவிட்டார்கள் என்றால் அதற்கு மேல் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பிள்ளைகளைத் தண்ணீரில் விடக்கூடாது, அவ்வளவுதான். ஆண்டு மழையின் பெரும்பங்கு கொட்டுவதும் இந்த மாதங்களில்தான். புயலும் இந்தப் பருவத்துக்கே உரியது. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்குச் சற்று வடக்கேதான் கரையைக் கடந்தது. 2004 சுனாமியும் இந்தக் கரையை விட்டுவைக்கவில்லை. கடலோரமாக வீடு பார்த்தால், உள்ளே மேட்டுநிலத்துக்கு நடந்து போகும் வழியைக் குடிபுகும் முன்பே ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது.

நீங்கள் வந்த ஓகஸ்டும் முழுக்கச் சொர்க்கமல்ல. விடுதியின் குளிரூட்டிய அறைக்குள் இருந்தவர்களுக்குக் கச்சான் காற்று தெரிந்திருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வரண்டு சூடாகி இந்தப் பக்கம் இறங்கும். அது வீசும் மதியங்களில் முற்றத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

அதனால் இங்கே பிள்ளைகளின் நாள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. கிழக்குக் கரை என்பதால் விடிவது கண்ணுக்கு நேரே. பாடசாலை இல்லாத நாட்களில் காலை 6 மணிக்குக் கடற்கரை, 8 மணிக்கு வீடு. மதியம் கதவைச் சாத்திக்கொண்டு உறக்கம். மாலை 4.30க்குப் பிறகு மறுபடியும் வெளியே. கொழும்புப் பழக்கத்தில் சனிக்கிழமை 9 மணிக்கு எழும்பி, பத்து மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்படுபவர்கள் இங்கே கொளுத்தும் வெயிலை மட்டுமே பார்ப்பார்கள். ஊரின் நேரத்துக்கு உங்கள் வீட்டின் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்பதுதான், நீங்கள் கேட்ட கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி. வீட்டிலிருந்து வேலை செய்யும் கணவர் என்பதால் உங்களுக்கு அது எளிது. வெளிநாட்டு நேரத்துக்கு இரவில் கண்விழிக்கும் வேலையென்றால் கதை வேறு.

சரி, அந்த இரண்டு வேளைகளில் எங்கே போவது? சுற்றுலாப் பட்டியல்களில் முதலில் வரும் புறாத்தீவை உங்கள் மகன் வளரும் வரை மறந்துவிடுங்கள். நிலாவெளியிலிருந்து படகில் சிறிது தூரம்தான். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அருமையான இடம், பவளப்பாறையும் சிறு சுறாக்களும் உண்டு. ஆனால் கரையெல்லாம் உடைந்த பவளத் துண்டுகள், நிழலும் குறைவு, கையில் குழந்தையை வைத்துக்கொண்டு முகமூடி மாட்டி நீந்தவும் முடியாது. மகள் நீச்சல் பழகிய பிறகு அவளோடு போங்கள். சிறுவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது சீனன்குடாப் பக்கமுள்ள மார்பிள் கடற்கரை. விமானப்படையினர் பராமரிக்கிறார்கள், நுழைவுக் கட்டணம் உண்டு. குடாவுக்குள் ஒதுங்கியிருப்பதால் அலை அடங்கித்தான் இருக்கும்.

வார நாட்களுக்கு நகரமே போதும். பிரெட்ரிக் கோட்டைக்குள் மரநிழலில் நடந்தால் கோணேஸ்வரம் கோயில் வரை ஏறலாம், வழியெல்லாம் புள்ளிமான்கள். முதல் மாதம் பிள்ளைகள் மானைக் கண்டு துள்ளுவார்கள். பிறகு அவற்றைத் தெருநாய் அளவுக்குக்கூட மதிக்கமாட்டார்கள். ஊர்க்காரராகிவிட்டார்கள் என்று அதை வைத்து முடிவு செய்துகொள்ளலாம். மானுக்கு பிஸ்கட் நீட்டவும் பொலித்தீன் பையை அங்கே போடவும் கூடாது என்பதை மட்டும் ஆரம்பத்திலேயே பழக்குங்கள், அவை அதையும் சேர்த்து மென்று விழுங்கிவிடுகின்றன. கோயில் இருக்கும் சுவாமிமலை உச்சியில் நின்றால் கீழே செங்குத்தாகக் கடல். துறைமுக வாயிலை ஒட்டியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஓடுவதால், நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு அருகிலேயே வருகின்றன. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், அதிர்ஷ்டமிருந்தால், படகுக் கூலி கொடுக்காமலே அவை மூச்சுவிடும் நீர்த்தூவலை மலையிலிருந்தே பார்க்கலாம். எங்களுக்கு அமைந்திருக்கிறது, பல மாலைகள் வெறுமனே கடலை வெறித்துவிட்டுக் கச்சான் கொட்டையோடு திரும்பியும் இருக்கிறோம். மழைக்காலத்துக்குக் கன்னியா வெந்நீரூற்று இருக்கிறது. ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடு. வாளியில் அள்ளி ஊற்றிக் குளிப்பதில் பிள்ளைகளுக்கு அலுப்பே வராது. இறந்தவர்களுக்கான கிரியைகள் செய்ய வரும் குடும்பங்களும் அங்கே இருப்பார்கள், ஆகவே கூச்சலைக் கொஞ்சம் அடக்கச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

இனிப் பாடசாலை. கடலைவிட இதுதான் உங்கள் முடிவைத் தீர்மானிக்கும், ஏனெனில் மகளுக்கு 4 வயது. தரம் 1இல் சேர, அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று 5 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பமோ முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கேட்கப்பட்டுவிடும். ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி போன்ற பெயர்பெற்ற பாடசாலைகளுக்குப் போட்டி அதிகம். வசிப்பிட அடிப்படையில் விண்ணப்பித்தால், வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் எத்தனை ஆண்டுகள் பதிவு இருக்கிறது என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். விண்ணப்பிக்கும் பாடசாலையைவிட வீட்டுக்கு அருகில் வேறு பாடசாலைகள் இருந்தால் அதற்கும் புள்ளி குறையும். புதிதாக வாடகைக்கு வருபவருக்கு இந்தக் கணக்கு சாதகமாக வராது. கையில் இருக்கக்கூடிய வேறு சீட்டுகளைத் தேடுங்கள்: உங்களில் ஒருவர் திருகோணமலையில் படித்தவரா? அரச சேவையில் இடமாற்றம் பெற்று வருகிறீர்களா? இரண்டும் இல்லையென்றால், பெரிய பெயரைத் துரத்தாமல் வீட்டுக்கு நடைதூரத்தில் உள்ள மாகாணப் பாடசாலையின் அதிபரைப் போய்ச் சந்தியுங்கள். சிறிய வகுப்பு, பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியை, நண்பகலுக்கெல்லாம் வீடு. பிள்ளைகளை வெளியில் ஓடவிடத்தான் ஊர் மாறுகிறீர்கள் என்றால் தரம் 1க்கு இதைவிட என்ன வேண்டும்? தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது இங்கேயும் பெற்றோருக்குப் பித்துப் பிடிக்கும், மாலை நேரம் முழுவதும் தனியார் வகுப்புக்குப் போய்விடும். கொழும்பை விட்டு ஓடிவந்தால் அதிலிருந்து தப்பலாம் என்று மட்டும் எண்ணவேண்டாம்.

வீட்டை அதனால் பாடசாலைக்குப் பிறகே தேடுங்கள். உவர்மலை மேடான, அமைதியான பகுதி, நகரத்துக்குப் பக்கம், வாடகை சற்று உறைக்கும். அன்புவழிபுரம், செல்வநாயகபுரம் பக்கம் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடங்கள், பிள்ளைகளுக்கு ஒழுங்கைக்குள்ளேயே கூட்டாளிகள் கிடைப்பார்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் கைக்கெட்டும் தூரம், ஆனால் சுற்றுலாப் பயணிகள் வரும் மாதங்களில் வீட்டைக் கூடுதல் விலைக்கு விட உரிமையாளருக்கு ஆசை வருவது இயல்பு. ஓராண்டு ஒப்பந்தம் எழுதாமல் அங்கே குடிபோக வேண்டாம். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு வீடு எடுங்கள். கடலோரம் பல இடங்களில் உவர். கந்தளாயிலிருந்து வரும் குழாய் நீர் இருக்கிறதா, எந்நேரமும் வருகிறதா என்று அயல்வீட்டாரிடம் கேளுங்கள், உரிமையாளரிடம் அல்ல. மழைக்காலத்தில் நுளம்பும் ஒரு காரணி. 2017இல் டெங்கு இந்த மாவட்டத்தை, குறிப்பாகக் கிண்ணியாவை, கடுமையாக வாட்டியது. கூரைப் பீலியில் நீர் தேங்குகிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பார்ப்பதில் வெட்கப்படாதீர்கள்.

மாவட்டப் பொது வைத்தியசாலை நகரத்திலேயே இருக்கிறது, சாதாரணக் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் கவலையில்லை. பிள்ளைக்கு விசேட சிகிச்சை எதுவும் தொடர்ந்து தேவைப்பட்டால் மட்டும் கண்டிக்கோ கொழும்புக்கோ அலைய வேண்டி வரலாம். கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. சொந்த வாகனத்தில் வந்தால் ஹபரணையிலிருந்து கந்தளாய் வரையுள்ள காட்டுப் பகுதியை இருட்டுமுன் கடந்துவிடுங்கள், யானை வீதியில் நிற்கும். பாட்டி தாத்தா கொழும்பில் என்றால் இந்தத் தூரம்தான் நாளடைவில் எல்லாவற்றையும்விட உறுத்தும். அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் வருவார்கள் என்பதற்கு வரும்முன்பே ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும்: தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் ஊர் இது. சந்தையில் நின்றாலே பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் காதில் விழும். எங்கள் மகன் சிங்களம் பழகியது மைதானத்தில் பந்து பொறுக்கித்தான்.

டிசம்பரில் வரும்போது கணவரின் மடிக்கணினியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நல்ல மழை நாளொன்றில், நீங்கள் எடுக்க நினைக்கும் அதே வீட்டிலிருந்து அவர் ஒரு முழுநாள் வேலை செய்து பார்க்கட்டும். மின்சாரம் போய் வருவதும் இணைப்பின் வேகமும் அப்போது தெரிந்துவிடும். மகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியோடு அந்தப் பகுதிக் கிராம அலுவலரையும் அருகிலுள்ள பாடசாலை அதிபரையும் அதே பயணத்தில் பார்த்துவிடுங்கள். அதிபரைக் காலை 8 மணிக்கு முன் போனால் பிடிக்கலாம்.